இருநூறு மணி நேரக் கம்பி

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியைப் புதிதாக மாட்டி, இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் பாட்டு பிரமாதமாக வரும் என்று யாராவது கடைக்கு வந்து சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"கம்பி என்ன புதுச் செருப்பா, போடப் போடப் பழகறதுக்கு? பழகறது உங்க காதுய்யா!"

கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்கள் உண்டு. முப்பது வருஷமாக அவர் அந்தப் பேச்சை மட்டும் விட்டதில்லை.

அன்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுக்கு டேப் செட்டைத் துடைத்துக் கொடுக்கப் போனார். வாத்தியார் கதவைத் திறந்ததுமே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, திட்டாதீங்க. நானும் புதுக் கம்பி வாங்கி மாட்டிட்டேன். பத்து நாளா ராப்பகலா ஓடுது. அவ பாடின கேசட்டுதான். நேத்துலேருந்து, பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுக்கிறது கேக்குது."

வாத்தியாரின் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பழுதுபார்ப்பவர் அலமாரிக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தார். புதுக் கம்பியின் ஒரு முனை செருகப்படாமல் தரையில் தூசியில் கிடந்தது. பழையதை வாத்தியார் கழற்றவே இல்லை. பாட்டு அதில்தான் வந்துகொண்டிருந்தது. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. சொல்ல வார்த்தையும் தயாராக இருந்தது.

அப்போது கேசட் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. ஒரு பெண் மெல்ல மூச்சை இழுத்தாள்.

"கேக்குதா தம்பி?"

அவர் அந்த முனையைக் கண்ணில் படாதபடி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கேக்குது சார். கம்பியில மட்டும் கை வச்சிடாதீங்க."