வெஸ்டா அம்மாளைக் குளிப்பாட்டிய குகதாசன்

கொக்குவில் குகதாசன் கும்பிடக்கூடிய எதையும் கும்பிடாமல் தாண்டமாட்டார். 1984 மார்கழியில் அகதியாகச் சுவிஸின் கூர் நகரத்தில் வந்திறங்கின அன்றைக்கே, சந்தியில் நின்ற ஒரு கல்லுச்சிலைக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பனிக்குள் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். அது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அழகுக்கு வைத்த ஒரு சிப்பாய் என்று பிறகு தெரியவந்தது. மனிசன் வெட்கப்பட்டாரா? இல்லை. "சிப்பாயெண்டால் என்ன, காவல் தெய்வந்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். வீட்டில் ஒரு கேத்திலைத் தூக்கி அடுப்பில் வைத்தறியாதவர். அவருடைய மனிசி புனிதவதி சோற்றைப் போட்டு, கறியை விட்டு, தண்ணீரையும் பக்கத்தில் வைத்தால்தான் சாப்பாடு இறங்கும். அப்படிப்பட்டவர் கூரில் ஒரு சின்ன விடுதிக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, கிழங்கு உரித்து, மூன்றாம் வருசம் அந்த ஊர்ச் சனமே இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிற மாதிரிப் பார்லிச் சூப் வைக்கப் பழகிவிட்டார். என்னைக் கேட்டால், சமைக்கத் தெரியாத ஆம்பிளையள் எல்லாரையும் ஒருக்கால் சுவிசுக்கு அனுப்பி எடுக்கவேணும்.

விடுதிக்காரி ஃபிராவ் ஹேனி. அறுபது வயது, நெடுத்த உருவம், மாடியில் நின்று கதைத்தால் ரயில் ஸ்டேஷனில் கேட்கிற குரல். புருசன் யாக்கோப் செத்து மூன்று வருசம். அந்தத் துக்கத்துக்குள்தான் அவவுக்குக் கல்லுப் பைத்தியம் பிடித்தது. அந்த நாளில் சுவிஸ் முழுக்கப் பெண்டுகளுக்குப் பளிங்குக்கல்லில் ஒரு மோகம் இருந்தது, இவவுக்கு அது கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். கூரில் ஒருகாலம் ரோமர் இருந்தவர்கள், அவர்களுடைய வீடுகளில் அடுப்புக்கு வெஸ்டா என்று ஒரு தெய்வம் இருந்தது, அடுப்பு எரிகிற வீட்டில் அவளை மதிக்காவிட்டால் வீடு விளங்காது என்று ஒரு புத்தகத்தில் வாசித்தா. உடனே சாப்பாட்டு அறையில் சும்மா நின்ற, குளிர்காய ஓடு பதித்துக் கட்டின பழைய ஓட்டு அடுப்பின் மேல்தட்டைத் துடைத்துக் கோயிலாக்கிவிட்டா.

வெஸ்டாவுக்குச் சிலை கிடையாது, நெருப்புத்தான் அவள். ஆனால் தீக்காப்புறுதிக்காரன் வந்து பார்த்துவிட்டு, அந்தத் தட்டில் மெழுகுதிரி ஒன்றும் கொளுத்தப்படாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதனால் சுற்றிவர வெள்ளை, ஊதா, புகை நிறக் கற்களை அடுக்கி, நடுவில் நெருப்புக்குப் பதிலாகக் கைமுட்டி அளவில் கண்ணாடி மாதிரி ஒரு சதுரக் கல்லை வைத்தா. வியாழக்கிழமைகளில் நாலு சிநேகிதிகள் வருவார்கள். ஐந்து பேரும் கையைக் கோத்துக் கண்ணை மூடி "ம்ம்ம்" என்று முனகுவார்கள். பிறகு கேக் சாப்பிடுவார்கள். கேக் அவர்களுக்கு மட்டுந்தான், சாமிக்கு இல்லை.

குகதாசனுக்கு வயிறு எரியும். ஒரு பூ இல்லை, விளக்கு இல்லை, ஒரு வாய் சோறு இல்லை. குளிப்பும் இல்லை! ஃபிராவ் ஹேனி ஒரு காய்ந்த தூரிகையால் கற்களைத் தட்டிவிடுவா, அதோடு சரி. அந்தத் தூரிகையை வேறு ஒருவரும் தொடப்படாது. "ஹெர் குகா, இந்த வீட்டில எதையும் துடையுங்கோ, இந்தத் தட்டை மட்டும் விடுங்கோ, அது என்ர வேலை" என்று கல்லு அடுக்கின முதல் நாளே சொல்லிவிட்டா. ஏனென்று அவவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் 1988 வைகாசியில் வெளிநாட்டார் அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். நாலு வருசமாகக் கிடப்பில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கிறார்களாம். வேலை கொடுத்தவர் ஒரு கடிதம் தந்தால் உதவும், "நம்பத்தக்கவர்" என்று அதில் இருக்கவேணும் என்று அதிகாரி சொன்னார். வதிவிட அனுமதி கிடைத்தால் புனிதவதியைக் கூப்பிடலாம். நாலு வருசம். அவவின் கடிதம் வந்து சேரவே இரண்டு மாதம், அதற்குள் ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாத காலம் அது. மனிசன் இரவில் நித்திரை கொள்ளுறேல்லை.

ஃபிராவ் ஹேனி மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஆனி ஒன்பதாம் திகதி வெஸ்டாவின்ர பெருநாள். அது முடியட்டும், இப்ப என்ர தலைக்குள்ள இடமில்லை" என்றா.

குகதாசன் தன் அறைக்கூட்டாளி தம்பித்துரை அண்ணையிடம் போய்ச் சொன்னார். தம்பித்துரை அண்ணை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவர். ஆனால் சாமி விசயத்தில் அவரை அசைக்க ஏலாது. ஊரில் அவர் வீட்டுக் குசினிச் சுவரும் கோயில் பின்மதிலும் ஒன்றாம், அதுதான் அவர் படித்த வேதம்.

"தம்பி, கடிதம் தாறது ஆர்? வீட்டுக்காரி. வீட்டுக்காரியின்ர மனசு ஆரின்ர கையில? அடுப்பம்மாளின்ர கையில. நீங்கள் அவவைக் குளிப்பாட்டாமல் வைச்சுக்கொண்டு கடிதம் கேட்டால் எப்பிடி வரும்?"

"தொடவேண்டாமெண்டு சொன்னவ அண்ணை."

"துடைக்கவேண்டாமெண்டுதானே சொன்னவ? ஒரு சாமியை வைக்கேக்க முதல் தண்ணிக்குள்ள கிடத்தவேணும். சலாதிவாசம். அது செய்யாட்டில் கல்லு கல்லுத்தான், சாமி இல்லை."

தம்பித்துரை அண்ணை சொன்னதில் குகதாசனுக்கு ஒரு ஞாயம் தெரிந்தது. கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு எந்த ஞாயமும் ஞாயமாகத்தான் தெரியும்.

பெருநாளுக்கு முந்தின திங்களும் செவ்வாயும் விடுதி பூட்டு. ஃபிராவ் ஹேனி தாவோசில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. திங்கள் காலை குகதாசன் தோய்ந்து, திருநீறு பூசி, நடுக்கல்லை இரண்டு கையாலும் எடுத்து ஒரு சட்டிக்குள் கிடத்தினார். பச்சைத் தண்ணீரில் கிடந்தால் அம்மாளுக்குத் தடிமன் பிடிக்கும் என்று சுடுதண்ணீராக ஊற்றினார். மூன்று சொட்டுப் பன்னீர் விட்டு மூடினார். ஆற ஆற, பழைய தண்ணீரை வீணாக்காமல் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். "அம்மாளாச்சி, நான் உனக்குச் செய்யிறதைச் செய்யிறன், நீ அந்த ஒரு சொல்லை எழுதுவிச்சுப் போடு" என்று நேர்த்தியும் வைத்தார்.

செவ்வாய் பின்னேரம் பக்தியோடு மூடியைத் திறந்தார். சட்டியில் தண்ணீர் இருந்தது. அம்மாள் இல்லை.

கையை விட்டுத் துழாவினார். அடியில் ஒரு நெல்லிக்காய் அளவு வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது, பிடிக்கப் போக அதுவும் நழுவிக் கரைந்தது. தீர்த்தத்தைச் சிந்தப்படாது என்ற பழக்கத்தில், ஒரு கை அள்ளி வாயில் விட்டார். தொண்டை எரிந்தது. உப்பு! அந்தக் கல்லு பளிங்கே இல்லை, உப்புக்கட்டி. எங்கட சனம் எந்தத் துன்பத்துக்கும் கரைச்சல் என்றுதான் சொல்லும், ஆனால் இது மெய்யாகவே கரைந்து வந்த கரைச்சல். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள், அன்றைக்கு மனிசன் படுக்கப் போகுமட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

தம்பித்துரை அண்ணை வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். வேதம் படித்த முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த மனிசன் தோல்வியை ஒத்துக்கொள்ளுற பிறவி இல்லை. "கற்கண்டு வாங்கு. இஞ்ச தேத்தண்ணிக்குப் போடுற பெரிய கட்டி நூலில கோத்து விக்கிறாங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நாள்தானே, ஆர் நக்கிப் பாக்கப் போகினம்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன பிறகு, குரங்குக்கு வாலைச் சீவித்தான் என்ன செய்ய? இருந்தாலும் செய்தார். கடையில் இருந்த கட்டிகளில் பெரியதைப் பொறுக்கி, கத்தியால் சதுரமாகச் செதுக்கி, நடுவில் வைத்தார். தீர்த்தச் சட்டியை ஊற்ற மனம் வரவில்லை. அம்மாளைக் குழாயில் ஊற்றுறதோ? குசினிப் பின்தட்டில் மூடி வைத்தார்.

புதன்கிழமை வந்த ஃபிராவ் ஹேனி ஒன்றையும் கவனிக்கவில்லை. வியாழன் பகல் வெயில் எறிந்தது. சிநேகிதிகள் வெள்ளை உடுப்பில் வந்து கையைக் கோத்துக் கண்ணை மூடி முனகத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஓட்டு அடுப்பின் பக்கவாட்டில் ஒரு கறுத்தக் கோடு மேலே ஏறுவதைக் குகதாசன் கண்டார். எறும்பு. இத்தனை நாளும் பட்டினி கிடந்த சாமிக்குப் படையல் வந்த சங்கதி கூர் நகரத்து எறும்புக்கெல்லாம் தெரிந்துவிட்டது. துவாயை எடுத்துக்கொண்டு ஓடினார். குனிந்து தட்டினார், நிமிர்ந்தார், மற்றப் பக்கம் போய்க் குனிந்தார். ஒரு சிநேகிதி ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்து, இந்த இந்துக்காரர் எவ்வளவு வடிவாக வலம் வந்து கும்பிடுகிறார் என்று பக்கத்தில் நின்றவவின் காதில் சொன்னா.

முனகல் முடிந்தது. ஃபிராவ் ஹேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதைத்தா. அந்த நடுக்கல்லை யாக்கோப் கலியாணம் முடித்த வருசம் சுவிஸில் பிரெஞ்சு கதைக்கிற பக்கத்து உப்புச் சுரங்கத்தில் வாங்கித் தந்தவராம். "இதை ஒருக்கால் நாக்கில வைச்சுப் பார், சண்டை பிடிக்கிற நாளில இந்த உப்பை நினைச்சுக்கொள்" என்று சொன்னாராம். அதனால் வருசத்தில் ஒருநாள், இந்தப் பெருநாளில், அவவும் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்பாவாம்.

ஃபிராவ் ஹேனி குனிந்து நாக்கை வைத்தா. அப்படியே நின்றா. திரும்ப வைத்தா.

"இனிக்குது" என்றா. அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "யாக்கோப் எனக்குச் சொல்லுறார். நாங்கள் பிடிச்ச சண்டையெல்லாம் முடிஞ்சுதெண்டு சொல்லுறார்." கதிரையில் இருந்துகொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதா. சிநேகிதிகளும் அழுதார்கள்.

இதைவிட நல்லாக ஒருவன் தப்ப ஏலுமோ? அம்மாள் அற்புதமே செய்து கொடுத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு கேக்கை வெட்டிக் கொடுத்தால் நாளைக்குக் கடிதம் கையில். புனிதவதியை விமானத்தில் இருந்து இறங்கக் காணலாம். குகதாசன் கேக்குக் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் செத்த புருசன் கதைத்தான் என்று ஒரு மனிசி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த மனிசனால் ஏலவில்லை.

கத்தியை வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்தது குசினி ஜெர்மன். அதிலேயே சொன்னார். "நான். சட்டி. சுடுதண்ணி. இரண்டு நாள். சாமி சூப். பிறகு சீனி." போய்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

ஃபிராவ் ஹேனி சட்டியைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. "பேசாமல் இருந்திருக்கலாமே. ஏன் சொன்னீங்கள்?" என்று மெல்லக் கேட்டா.

"என்ர மனிசியும் நாலு வருசமா என்ர சத்தம் கேக்காமல் இருக்கிறா. அவவுக்கு ஆராவது இப்பிடி ஒரு பொய்யை வைச்சால் எனக்குப் பொறுக்காது" என்றார் குகதாசன். இதற்கு மட்டும் ஜெர்மன் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

மூலையில் ஒரு சத்தம். சிநேகிதிகளில் ஒருத்தி ஃப்ரொய்லைன் கபாவுல், இளைப்பாறின லத்தீன் ரீச்சர், சிரிப்பை அடக்க ஏலாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினா. "வெஸ்டாவின்ர கன்னியர் அவவுக்குக் கல்லு வைக்கேல்லை. உப்பைத் தண்ணியில கரைச்சு, மாவில பிசைஞ்சு படைச்சவை. இவ்வளவு காலமா நாங்கள் கையைக் கோத்து முனகுறம், சரியாச் செய்தது இவர் ஒருத்தர்தான்" என்றா.

ஃபிராவ் ஹேனி சட்டிக்குள் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தா. முகம் சுளித்தது. "ஓம், இது யாக்கோப்தான்" என்றா. பிறகு எழும்பி, பழைய குரலில், "மா எவ்வளவு இருக்கு?" என்று கத்தினா. ஐந்து பெண்டுகளும் குகதாசனும் குசினியில் மா பிசைந்து பாண் சுட்டார்கள். பாண் உப்புக் கொஞ்சம் கூடத்தான். முதல் துண்டைக் குகதாசன் ஓட்டு அடுப்பின் தட்டில் வைத்தார், அம்மாளுக்கு.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. அலுவலகத்தில் அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்பத்தக்கவர் என்று போட்டிருக்கு. அதுக்குப் பிறகு, 'என் வீட்டில் எதையும் இவரிடம் ஒப்படைப்பேன், உப்பைத் தவிர' என்றும் போட்டிருக்கு. இது என்ன?" குகதாசன் சாமி சூப்பில் இருந்து தொடங்கி முழுக்கச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, அது அவருடைய உத்தியோகம். ஆனால் பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டு, திரும்ப ஒருக்கால் சொல்லச் சொன்னார்.

அனுமதி கார்த்திகையில் கிடைத்தது. கடதாசியைக் கொண்டு அவர் குசினிக்கு ஓடிவந்தபோது ஃபிராவ் ஹேனி பின்தட்டில் இருந்து அந்தச் சட்டியை இறக்கிக்கொண்டு நின்றா. மிஞ்சின தண்ணீர் அடுப்புச் சூட்டில் மாதக்கணக்காக வற்றிப்போயிருந்தது. அதற்குள் கற்கண்டு நூலை ஆரோ தொங்கவிட்டிருந்தார்கள். நூல் நெடுகச் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள், கண்ணாடி மாதிரி. பெரியது ஒரு சுண்டுவிரல் நகமளவு வரும்.

அவ அதைக் கொண்டுபோய்க் கற்களுக்கு நடுவில் வைத்தா. குகதாசன் இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஃபிராவ் ஹேனி கடதாசியை வாங்கி வாசித்தா. திருப்பிக் கொடுத்தபோது, அந்தக் காய்ந்த தூரிகையையும் அவர் கையில் வைத்தா.

"புனிதவதி வந்தால் சொல்லிக்குடுங்கோ, இதைத் தட்டுறதுதான், குளிப்பாட்டுறேல்லை" என்றா.