புது மாப்பிள்ளைக்கு வெறும் சாயா

மகளுக்கு நிக்காஹ் முடிந்து மூன்று வாரமாகியும் மருமகனின் குரல் எனக்குச் சரியாகத் தெரியாது. வந்ததும் ஸலாம் சொல்வார். கேட்டதற்கு ‘ஆமா’ என்பார். சாப்பாட்டின் நடுவில் ‘போதும்’ என்பார். போதும் என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படி எடை போடுவது? அவர் பாலக்காட்டுக்காரர், இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர். விசா வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். என் மகளோ வாயாடி. குளிக்கும்போதுகூட கதவுக்கு வெளியே நின்று அவள் சொல்வதை யாராவது கேட்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், நாலு சுவருக்குள், ஒரு உம்மணாமூஞ்சியோடு அவள் என்ன செய்வாள்?

நேரே கேட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பிறந்த கம்பம் பக்கத்தில் என்றால் கேட்டிருப்பேன். கொச்சி மட்டாஞ்சேரியில் என் கணவர் குடும்பத்து வழக்கம் வேறு. புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் முன்னறையில் ஆண்கள் அவரோடு உட்காருவார்கள். மாமியார் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். நாற்பது நாள் கழிந்த பிறகுதான் முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசலாம். அதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். மகளிடம் கேட்டால், “பேசுவாரும்மா” என்று சிரித்துவிட்டு வேறு ஏதோ கதையைத் தொடங்கிவிடுவாள். இவள் வாய் மூடினால்தானே அவர் பேசுகிறாரா இல்லையா என்பது இவளுக்கே தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கவலைக்கு நடுவில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அது ஒரு ஆங்கில டிவி நிகழ்ச்சி. மகள் இங்கிலாந்து போவதற்காக ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தபோது காது பழகட்டும் என்று போனில் போட்டுப் பார்த்தாள். அவள் பரீட்சையில் தேறிவிட்டாள். நான்தான் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் பார்ப்பேன். பூப்போட்ட கோட்டு மாட்டிய ஒருவர் கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். எதிரே நீளமான ஒரு சோபாவில் பெரிய பெரிய சினிமா நடிகர்கள், பாட்டுக்காரி, பந்து விளையாடுகிறவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மேடையில் கால்சட்டை கிழிந்ததைச் சொல்வார். இன்னொருவர் ராணிக்கு முன்னால் வழுக்கி விழுந்ததைச் சொல்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தில் பாதி எனக்குப் புரியாது. பச்சையான ஜோக்கு வருகிற மாதிரித் தெரிந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எழுத்தை மட்டும் படிப்பேன்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அதை மூன்று தலைமுறைக்கு மூடி வைப்பார்கள். இவ்வளவு பெரிய மனிதர்கள் கோடிப் பேர் பார்க்கத் தங்கள் மானத்தைத் தாங்களே வாங்கிக்கொள்வது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பொறாமையாக இருந்தது. அந்தக் கோட்டுக்காரர் யார் வாயிலிருந்தும் விஷயத்தை வாங்கிவிடுவார். நம் மாப்பிள்ளையை ஒரு பத்து நிமிஷம் அந்த சோபாவில் உட்கார வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கே கொண்டுபோக முடியாது. முன்னறையில் எங்கள் சோபா இருந்தது, கேள்வி கேட்க என் கணவர் இருந்தார்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜாரில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம். மூட்டைக்குள் கைவிட்டே சரக்கு எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். மனிதரிடம் பேச விட்டால் மட்டும் ஒன்றுதான் வரும். முதல் விருந்தில் மாப்பிள்ளையிடம், “அங்க சுக்குக்கு என்ன வெல?” என்று கேட்டார். இரண்டாம் விருந்தில் மிளகு விலை. மூன்றாவதில் ஏலக்காய். நான் திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலாவது விருந்துக்கு நான் தயாரானேன். மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் அட்டைக்கு ஒரு கேள்வியாக எழுதினேன். மலையாளத்தில் எழுதினேன், ஏனென்றால் என் கணவருக்குத் தமிழ் வாயோடு சரி, எழுத்து வராது. சின்ன வயதில் என்ன குறும்பு செய்தீர்கள்? கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? எதற்குப் பயப்படுவீர்கள்? கடைசி அட்டையில்தான் எனக்கு வேண்டியதை எழுதினேன்: எங்கள் மகள் பேசினால் காது கொடுத்துக் கேட்பீர்களா?

“இதெல்லாம் கேட்டா அவரு என்ன நெனைக்கும்? போலீஸ் ஸ்டேஷனா இது?” என்றார் கணவர்.

“கேக்கலைன்னா நான் நாளையிலருந்து இந்தச் சமையலறைப் பக்கமே வரமாட்டேன்” என்றேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அவருக்குத் தெரியும். அட்டைகளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று நடந்தது இதுதான். “கோபம் வந்தா எந்தா செய்யும், மாப்பிள்ளை?” என்று என் கணவர் அட்டையைப் பார்த்தே கேட்டார். மாப்பிள்ளை நிமிர்ந்தார், வாயைத் திறந்தார். அந்த நொடியில் என் நாத்தனார் இறைச்சி அடைத்துப் பொரித்த ஒரு பத்திரியை அவர் தட்டில் வைத்து, “அய்யே, ஒண்ணுமே சாப்பிடலையே! இன்னும் ஒண்ணு கூடி, மோனே” என்றாள். கணவரின் அக்கா அவள். புது மாப்பிள்ளையின் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டில் அவள் உத்தியோகம். முப்பது வருஷமாக எத்தனையோ மாப்பிள்ளைகளை அவள் அப்படி முடித்திருக்கிறாள். விருந்து வைக்கிறவர் வைத்ததைத் தொடாமல் பேசினால் அவமரியாதை. அதனால் இவர் பத்திரியை வாயில் வைத்து மென்று விழுங்குவதற்குள் கணவர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். அதற்கு அவர் வாய் திறந்தபோது கோழிக்கால் வந்தது. எதற்குப் பயப்படுவீர்கள் என்பதற்கு முட்டைக் கருவில் செய்த இனிப்பு முட்டமாலை வந்தது. கடைசி அட்டையைக் கணவர் எடுக்கவே இல்லை.

“எல்லாத்துக்கும் ‘ம்’னு சொல்லியாச்சு. நல்ல பையன்” என்று உள்ளே வந்து எனக்குத் தீர்ப்பு சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் எரிச்சலோடு போனைத் திறந்து அந்த நிகழ்ச்சியைப் போட்டேன். அன்றைக்கு வந்திருந்த ஒரு வயதான நடிகை, கையில் ஒரு கண்ணாடி டம்ளரை மட்டும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாகப் பார்க்கிறேன், அந்த சோபாவில் ஒருவர் வாயிலும் ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போனதில்லை. அங்கே ஒரு தட்டு பத்திரியும் என் நாத்தனாரும் இருந்தால் நிகழ்ச்சியை ஒரே வாரத்தில் இழுத்து மூடியிருப்பார்கள். மாப்பிள்ளை வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் மூன்று வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். கொழுக்கட்டையை வைத்ததே நாங்கள்தான்.

ஐந்தாவது விருந்துக்கு முன்னால் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் பயணம். இனி ஒரு தடவைதான். “இன்னைக்கு வெறும் சுலைமானி மட்டும்தான். சோறு ராத்திரிக்கு” என்று கணவரிடம் சொன்னேன். அவர் முகம் கடையில் தீப்பிடித்தது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

“புது மாப்பிள்ளைக்கு வெறும் சாயாவா? பாலக்காட்டுல போயி சொன்னா நம்ம மானம் என்னாகும்?”

“மானம் போறதுலதாங்க அங்க நிகழ்ச்சியே நடக்குது” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் நேரமில்லை.

நாத்தனாரை அப்புறப்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. இடப்பள்ளி ஷாப்பிங் மாலில் மிக்ஸிக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், இன்றைக்கே கடைசி நாள் என்று ஒரு பொய் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். அவள் மதியமே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகள் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியைக் காணோம். “எந்தாம்மா, யாருக்காவது சுகமில்லையா?” என்று பதறினாள். பேசாமல் இரு என்று சைகை காட்டிவிட்டுத் திரையருகே போய் நின்றேன். மாப்பிள்ளை பால் விடாமல் எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்கிற மாதிரி உள்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்றதும் அவர் தோள் மெல்ல இறங்கியது. அட்டையைப் பார்த்துக் கணவர் கேட்ட குறும்புக் கேள்விக்கு, சின்ன வயதில் பள்ளிக்கூட மணியைத் திருடிக் கிணற்றில் போட்டதைச் சொன்னார். குரல் நன்றாகவே இருந்தது. கோபம் வந்தால் நடக்கப் போய்விடுவேன் என்றார். எதற்குப் பயம் என்றதற்குக் கொஞ்சம் யோசித்து, “உங்க அக்காவுக்குத்தான், மாமா” என்றார். என் கணவர் சிரித்த சிரிப்பில் சாயா சட்டையில் கொட்டியது.

பிறகு கணவர் அட்டைகளை அடுக்கிச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். நான் திரைக்குள்ளிருந்து, “கடைசி அட்டை!” என்றேன். அவர் கேட்காத மாதிரி இருந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். வேறு வழியில்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, “நம்ம மோளு... பேசுனா... நீங்க கேப்பீங்களா?” என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. நாத்தனார் ஒரு காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். “தள்ளுபடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!” என்றவள், மாப்பிள்ளைக்கு முன்னால் ஒற்றை டம்ளர் மட்டும் இருப்பதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். “என்ட ரப்பே, புள்ளைய பட்டினி போட்டாங்களே!” என்று பொட்டலத்தைப் பிரித்து, நேந்திரம்பழத்தில் பொரித்த, ஆவி பறக்கும் ஒரு பழம்பொரியை எடுத்து அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். “குடுக்காதீங்க மதினி! அவரு சொல்லட்டும்!”

நாற்பது நாள் ஆகாமல் மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்கிறாள், அதுவும் ஒரு பழம்பொரியைப் பிடித்துக்கொண்டு. மாப்பிள்ளை எழுந்து நின்றார். வந்தது வந்துவிட்டேன். “சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மன்னிச்சிருங்க மாமி. உங்கள நேர்ல பாத்ததும் அந்த வெள்ளைக்காரரு ஞாபகம் வந்துருச்சு” என்றார்.

அந்த வெள்ளைக்காரர் கதையை நான் மகளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னால் யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடைக்கு நான் மரச் சட்டம் போட்ட கண்ணாடி வாங்கப் போனது. கடை வாசலில் நாற்காலியில் ஒரு வயதான வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தது. அவரைக் கடை முதலாளி என்று நினைத்து, டிவியில் கற்ற ஆங்கிலத்தில் கால் மணி நேரம் நான் பேரம் பேசியது. அந்தக் கோட்டுக்காரர் எல்லாரையும் அப்படிக் கூப்பிடுகிறாரே, மரியாதைச் சொல்தான் என்று நம்பி, வாக்கியத்துக்கு ஒரு தடவை ‘டார்லிங்’ போட்டது. அவர் பாவம், வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்த சுற்றுலாக்காரர். மறுத்துச் சொல்லப் பயந்து எல்லாவற்றுக்கும் சம்மதித்தது. உண்மையான கடைக்காரர் உள்ளேயிருந்து வந்ததும் நான் அவரிடம், “நீங்க யாரு நடுவுல?” என்று கேட்டது.

“டார்லிங்கா?” என்றார் என் கணவர். இருபத்தாறு வருஷத்தில் அவரை நான் அப்படி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் அவமானத்துக்கு நடுவிலும் என் காதில் ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. அவர் சொல்வதில் ஒவ்வொரு வார்த்தையும் என் மகளுடையது. அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். வெள்ளைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்வதை அவள் கையால் காட்டுகிற மாதிரியே காட்டினார். ஒரு தடவை கேட்டவருக்கு இது வராது.

“மூணு தரம் சொல்லியிருக்கா, மாமி” என்றார். “ஒவ்வொரு தரமும் அந்த வெள்ளைக்காரரு கொஞ்சம் உயரமாயிட்டே போறாரு.”

“முன்னாடியே கேட்டாச்சுன்னு அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“சொன்னா நிறுத்திருவாளே, மாமி.”

என் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். நாத்தனார் தன் கையை உருவிக்கொண்டு, இனியாவது கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள். கொடுங்கள் என்றேன். அவள் வைத்த பழம்பொரியை மாப்பிள்ளை எடுத்து ஒரு கடி கடித்தார். பாவம், நல்ல பசி.

அதற்குள் மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். “அத்தா, அவரு பாதிய விட்டுட்டாரு. அது அப்படியில்ல, நான் சொல்றேன்” என்று தன் அப்பாவிடம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாப்பிள்ளை மிச்சப் பழம்பொரியைத் தட்டில் வைத்துவிட்டு, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.