இரண்டாவது கண்

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. அண்ணன் என்றால் மணி அடிக்கமாட்டான். அவனிடம் சாவி இருக்கிறது. கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அண்ணனோடு ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் வேலை பார்த்தவர். உறவில்லை, அண்ணன் அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் மாப்பிள்ளை. ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அதை வெளியே போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது அவர்களுடைய விதி.

"தங்கச்சி, முதல்ல உட்காரு."

"அண்ணனுக்கு என்ன?"

"உட்காரும்மா."

நான் உட்காரவில்லை. அவர் சொல்லிவிட்டார். மேசைமேல் தலை சாய்த்திருந்தானாம். தூங்குகிறான் என்று நினைத்து, "என்ன மச்சான், பட்டப்பகல்ல குறட்டையா?" என்று தோளைத் தட்டினாராம். நெஞ்சு நின்று நேரமாகியிருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் அவருடைய கோட்டின் கடைசிப் பொத்தானில் போய் நின்றது. மேலே இருந்தவை எல்லாம் சின்னவை. அது மட்டும் பெரியது, விளிம்பில் நீலக் கோடு போட்டது. என் பழைய மழைக்கோட்டிலிருந்து நான் வெட்டிக் கொடுத்த பொத்தான். சாவுச் செய்தி சொல்ல வரும்போதுகூட அது அவர்மேல்தான் இருந்தது.

அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்வதானால் அண்ணனின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவன் வேலை கண் அறுப்பது. மருத்துவர் இல்லை, ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் உதவியாளன். காலையில் ஊருக்கு வெளியே உள்ள இறைச்சிக்கூடத்துக்குப் போய், குளிர்ந்த உப்புநீர் ஊற்றிய தூக்குப்பாத்திரத்தில் மாட்டுக் கண்களை வாங்கி வருவான். ஒரே மாட்டின் இரண்டு கண்களையும் ஒரே நூலால் கட்டிவிடுவான். "ஜோடி மாறிச்சுன்னா குடும்பமே போச்சு" என்பான். ஆய்வகத்தில் அவனைக் கண்ணாயிரம் என்று கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதைத் தேடுகிறவனுக்கு அப்படி ஒரு பெயர்.

கண்ணின் நிற வளையத்துக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக இன்னொரு வளையம் இருக்கிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த நீர் ஊறுவதும் வடிவதும் ஈடாக இருக்கும்வரை கவலை இல்லை. ஈடு தப்பினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு சத்தமில்லாமல் சாகும். அந்த வளையங்களுக்கு வருகிற நரம்புகளின் நுனி நார்அட்ரினலின் என்ற பொருளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. எவ்வளவு விடுவது என்பதில் செரட்டோனின் என்ற இன்னொரு பொருளுக்கும் பங்கு உண்டு. நரம்பு நுனியிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான்.

"வாசல்ல ஒரு காவல்காரன் நிக்கறான்னு வச்சுக்க. உள்ளேருந்து மூட்டை போய்க்கிட்டே இருக்கு. செரட்டோனின் வந்து அவன் காதைக் கடிக்குது. ஒரு காதுல சொன்னா கதவை ஒருக்களிச்சுச் சாத்தறான். இன்னொரு காதுல சொன்னா ஆன்னு தொறந்து விடறான்."

"எந்தக் காதுன்னு எப்படித் தெரியும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இத்தனை மாட்டை முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்?"

தெரிந்துகொள்ள அவர்கள் செய்த வேலை இது. அண்ணன் கண்ணைத் திறந்து வளையங்களை நைந்துபோகாமல் எடுத்துக் கொடுப்பான். மாப்பிள்ளை அவற்றை வெதுவெதுப்பான உப்புநீர் ஓடும் சிறு கண்ணாடிக் குழாய்களில் தொங்கவிடுவார். வலக் கண்ணுக்கு ஒரு குழாய், இடக் கண்ணுக்கு ஒரு குழாய். இரண்டுக்கும் லேசாக மின்சாரம் கொடுத்து, நரம்பு எவ்வளவு விடுகிறது என்று அளப்பார். பிறகு ஒரு கண்ணுக்கு மட்டும் செரட்டோனின் போல வேலை செய்யும் மருந்து விட்டு, இரண்டுக்கும் மறுபடி மின்சாரம். மருந்து விட்ட கண் குறைத்துவிட்டதா, கூட்டிவிட்டதா என்று பக்கத்துக் கண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணன் எப்போதும் வலக் கண்ணைத்தான் முதலில் அறுப்பான். கைப்பழக்கம். அதுவரை இடக் கண் பனிக்கட்டியில் காத்துக்கிடக்கும். காத்துக்கிடந்த கண் கொஞ்சம் சோர்ந்துபோகும். இரண்டாம் தடவை மின்சாரம் கொடுத்தால் முன்போல விடாது. ஆகவே மருந்து எப்போதும் ஒரே பக்கம் போனால், குறைந்தது மருந்தாலா சோர்வாலா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் என்னிடம் இரண்டு பொத்தான் கேட்டு வாங்கிப்போனான். கறுப்பு வந்தால் மருந்து வலக் கண்ணுக்கு, நீல விளிம்பு போட்ட வெள்ளை வந்தால் இடக் கண்ணுக்கு. ஒரு டப்பாவில் போட்டு, பார்க்காமல் எடுக்க வேண்டியது மாப்பிள்ளையின் பொறுப்பு. எடுக்கும்போது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

"ஏன், பார்த்தா என்ன ஆயிடும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சுதுன்னா மனசு ஒரு பக்கமா சாயும். கை மனசு பின்னாடியே போயிடும். எனக்குத் தெரியவே கூடாது."

அப்படியே வருடக்கணக்காகச் சுவரைப் பார்த்து நின்றான்.

முடிவு நன்றாக வந்தது. செரட்டோனின் கதவைச் சாத்துகிறது. மருந்து விட்ட கண் ஒவ்வொரு தடவையும் குறைத்தே விட்டது. ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அவர் இந்த முடிவை வைத்துக் கருத்தரங்குகளில் பேசினார். கண் அழுத்தத்துக்குப் புதுச் சொட்டுமருந்து ஒன்றுக்கு இது வழிகாட்டலாம் என்றார். அன்று அண்ணன் இனிப்பு வாங்கி வந்தான். வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடும் மாப்பிள்ளை அதில் பாதியைத் தீர்த்தார்.

"அண்ணனை மச்சான்னு கூப்பிடறீங்க, என்னைத் தங்கச்சிங்கறீங்க. இது என்ன முறை?" என்று நான் வம்புக்கு இழுத்தேன்.

"முறையெல்லாம் பார்த்தா வயிறு ரொம்புமா தங்கச்சி? இன்னொண்ணு வை."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு வேறோர் ஊர் ஆய்வகம் இதே சோதனையைச் செய்து பார்த்தது. அங்கே எதுவும் குறையவில்லை. எங்கே பிசகு என்று டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை பேசிவிட்டார்: "மச்சானுக்குக் கொஞ்ச நாளா கை நடுங்குதும்மா. அறுக்கறப்ப திசு நசுங்கியிருக்கலாம்."

அண்ணனை மேசையிலிருந்து எடுத்து, கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். தன் கை நடுங்குகிறது என்று அவனே நம்பினான். அதுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்காருவான். கோப்பான். உருவுவான். திரும்பக் கோப்பான்.

"நடுங்குதா பாரு."

"இல்லையே அண்ணா."

"நீ தங்கச்சி. வேற எப்படிச் சொல்லுவே?"

கழுவும் அறை வழியாகத்தான் கோட்டுகள் சலவைக்குப் போகும். போகுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பதும் அண்ணனின் வேலையாகிவிட்டது. மேசையில் வேலை செய்யும்போது கோட்டுக்குமேல் பிளாஸ்டிக் மேலங்கி போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் பொத்தான் யார் கண்ணிலும் படாது. ஒருநாள் மாப்பிள்ளையின் கோட்டை விரித்துத் துழாவியபோதுதான் நீல விளிம்புப் பொத்தானைப் பார்த்தான். கோட்டைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"இது உன்னுதுதானே?"

என்னுடையதுதான். தைத்த நூல் பழுத்து, பல வெளுப்பு கண்டு பஞ்சாகியிருந்தது. நேற்று இன்று தைத்ததில்லை. அப்படியானால் டப்பாவில் கறுப்புப் பொத்தான் மட்டும்தான் இருந்திருக்கிறது. ஒற்றைப் பொத்தானை வைத்துக்கொண்டு எதை எடுப்பது?

அந்த வாரம் மாப்பிள்ளை சாப்பிட வந்தபோது கோட்டு அவருடைய நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது.

"அட, சலவையைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து தர்றானே என் மச்சான்!"

"கடைசிப் பொத்தானைப் பாரு மாப்ளே."

பார்த்தார். "என்னோடது அறுந்து விழுந்துடுச்சு. கைக்குக் கிடைச்சதை எடுத்துத் தைச்சுக்கிட்டேன். இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அப்புறம் டப்பாவிலேருந்து எதை எடுத்தே?"

கரண்டியும் கையுமாக நான் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எடுக்கலை. இடது பக்கமே விட்டுடுவேன். மருந்து பாட்டில் அந்தப் பக்கம்தானே இருக்கு, கைக்கு எட்டற மாதிரி."

"எப்பவுமேவா?"

"எந்தக் கண்ணுல விட்டா என்ன மச்சான்? மாட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

"மாட்டுக்கு ஒண்ணுதான்டா. எனக்கு இடதுதான் எப்பவும் ரெண்டாவது கண்ணு. காத்துக்கிடந்த கண்ணு. நீ மருந்து விட்டாலும் விடாட்டியும் அது குறைச்சுத்தான் விடும்."

மாப்பிள்ளை சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார்.

"அது சோம்பேறித்தனம். போகட்டும். ஆனா டாக்டரம்மா கேட்டப்ப என் கையை எதுக்குடா காட்டிக் கொடுத்தே?"

"பயந்துட்டேன் மச்சான். என் தப்புன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளியே தள்ளிடுவாங்க. உன்மேல அவங்களுக்கு மரியாதை உண்டு. ஓரமா உட்கார வைப்பாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன்."

"அவ்வளவுதான்" என்று அண்ணன் திரும்பச் சொன்னான். பிறகு, "சாப்பிடு, ஆறுது" என்றான். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை எனக்கு அவன்மேல் கோபம்.

நீயே போய்ச் சொல்லிவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டான். மாப்பிள்ளை அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் டாக்டரம்மா ஊரில் இல்லை என்றார். அதற்கடுத்த வாரம் அவர் எரிச்சலில் இருக்கிறார் என்றார். கோட்டைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். சாப்பிட வருவது மட்டும் நிற்கவில்லை.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"யாரு சொன்னாலும், மேசை போன ஆத்திரத்துல பழி போடறான்னுதான் ஆகும். செஞ்சு காட்டணும். இந்தத் தடவை இடக் கண்ணை முதல்ல அறுக்கறேன். மருந்து அதே இடது பக்கமே போகட்டும். அப்பவும் இடது குறைஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். குறையலைன்னா, இத்தனை வருஷமா நாங்க அளந்தது வெறும் காத்திருப்பைத்தான்."

அவன் பிழைப்பே அந்த ஒரு கேள்வியில் நின்றது. ஆனால் ஒற்றை ஆளால் செய்ய முடியாத வேலை அது. ஒருவர் அறுக்கும்போதே இன்னொருவர் குழாயில் தொங்கவிட வேண்டும். விடுமுறை நாளில் காலையிலேயே வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தார். அண்ணன் இறைச்சிக்கூடத்துக்குப் போய் ஒரே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனான். மாப்பிள்ளை தன் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பிற்பகலில்தான் போனார். போய்க் கோட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் தோளைத் தட்டியிருக்கிறார்.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது டாக்டரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கமான கைம்மா அவருக்கு. கடைசியிலதான் கொஞ்சம் தளர்ந்துபோச்சு." பக்கத்திலேயே மாப்பிள்ளை நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலிகளை நேராக்கப் போனார்.

"அவன் கை தளரலை" என்று ஆரம்பித்து, பொத்தான் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. டாக்டரம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"இவங்க சொல்றது நிஜமா?"

"தங்கச்சிக்கு மனசு சரியில்லைம்மா. இந்த நேரத்துல நாம எதையும் பெரிசா எடுத்துக்கக் கூடாது."

"என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க" என்றேன். "ஆய்வகத்துல அவர் கோட்டைப் பாருங்க டாக்டரம்மா. கடைசிப் பொத்தான்."

மறுநாள் அண்ணனின் பொருட்களை எடுத்துவர ஆய்வகத்துக்குப் போனேன். டாக்டரம்மாவும் கூட வந்தார். மாப்பிள்ளையின் கோட்டு ஆணியில் தொங்கியது. கடைசிப் பொத்தான் இருந்த இடத்தில் பழுத்த நூல் இரண்டு இழை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அந்த இழையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை வச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாதும்மா. திரும்பச் செஞ்சு பார்க்கணும்."

"செய்யுங்க."

"அவர் மாதிரி அறுக்க யார் இருக்கா?"

குளிர்பெட்டியைத் திறந்தார். அண்ணனின் தட்டை யாரோ அப்படியே எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். இடக் கண்ணிலிருந்து எடுத்த வளையங்கள் ஒரு கிண்ணத்து உப்புநீரில் கிடந்தன. டாக்டரம்மா கிண்ணத்தை விளக்கருகே கொண்டுபோய், உருப்பெருக்கியை இழுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். எங்கும் ஒரு பிசிறு இல்லை. நசுங்கல் இல்லை. தலை நிமிராமலே, "கை நடுங்கலை" என்றார்.

வலக் கண் இன்னும் முழுசாக, ஜோடி கட்டிய நூலோடு, தட்டிலேயே இருந்தது.