ஜாபர் பாயின் இரண்டாவது நாவல்

ஜாபர் பாய் எழுதுவதை நிறுத்தியதற்கு நான் காரணம் இல்லை. அவர் நிறுத்தவே இல்லை.

நேற்றிலிருந்து நம் வாசகர் குழுவில் ஆளுக்கு ஆள் எழுதுகிறீர்கள்... "அந்தம்மா ரெண்டு ஸ்டார் போட்டதுல மனசு வுட்டுப்போச்சு மனுஷனுக்கு" என்று. தெரியாமல் எழுதாதீர்கள்.

நேற்றுக் காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் பொம்மைக் கடை வைத்திருந்தவர். இரண்டு நாவல் எழுதியவர். ஆம், இரண்டு.

முதல் நாவலுக்கு நான் இரண்டு ஸ்டார் போட்டது உண்மை. நான் நாவல் விமர்சனம் எழுதும் இந்தப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. இருக்கும்.

நான் எப்படிப் படிப்பேன் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். காசு கொடுத்துத்தான் வாங்குவேன். வாங்கியதும் செய்தித்தாளில் அட்டை போட்டுவிடுவேன்... எழுதியவர் பெயர், போட்டோ, பின்பக்கப் பாராட்டு எதுவும் படிக்கும்போது எதிரில் இருக்கக் கூடாது. என் கான்வென்டில் சிஸ்டர்கள் விடைத்தாளில் பெயர் உள்ள மூலையை மடித்து ஒட்டிவிட்டுத்தான் திருத்துவார்கள். அங்கே வந்த பழக்கம்.

முதல் தடவை கதைக்காக. மறுபடி பென்சிலோடு. இந்த நாவல் என்ன செய்ய நினைத்தது, அதைச் செய்ததா, இதுதான் கேள்வி. எனக்குப் பிடித்ததா என்பது அப்புறம்.

"நீ கத படிக்கற ஆளு இல்ல, பேப்பர் திருத்தற ஆளு" என்பார் என் கணவர். அவர் போன பிறகும் அப்படித்தான் படிக்கிறேன்.

பாயின் முதல் நாவல், குவைத்திலிருந்து திரும்பி வருபவனின் கதை. பாதி வரை நன்றாக இருந்தது. பிறகு அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது அழுதார்கள். யார் எதற்கு அழுகிறார்கள் என்றே கடைசியில் தெரியவில்லை. அதை அப்படியே எழுதினேன்.

அடுத்த வாரம் என் வீட்டு கேட்டைத் தட்டினார்.

"நாந்தாங்க அந்த அழுகுணி நாவல எழுதனவன்."

உள்ளே வரச் சொல்லி டீ கொடுத்தேன்.

"கோணல் போனது, கீறல் வுழுந்ததுக்குன்னு எங்க கடையில தனியா ஒரு ரேக்கு இருக்குதும்மா. செகண்ட்ஸுன்னு எழுதி வெச்சிருப்போம். என் புக்க தூக்கி அதுல வெச்சிட்டீங்களே?"

"செகண்ட்ஸ ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லி விப்பீங்களா பாய்?"

"வித்தா ஊர்ல கடை வெக்க முடியுங்களா?" சிரித்துவிட்டார். "சரி, எந்தப் பக்கத்துல கோணலாச்சு, அத சொல்லுங்க."

பென்சில் குறி போட்ட பிரதியை எடுத்து வைத்தேன். மாலை வரை சண்டை. சில இடங்களில் அவர் சொன்னது சரி. பல இடங்களில் நான்.

அதன் பிறகு அடிக்கடி வருவார். நான் விமர்சனம் எழுதும் நாவல்களைத் தானும் படித்துவிட்டு, என் ஸ்டாரோடு மல்லுக்கட்டத்தான் வருவார்.

"இதுக்குப் போயி நாலு ஸ்டாரா? இதுல மழ பெஞ்சாத்தான் காதலே வருது. எங்க வேப்பூர் பக்கம் நடந்திருந்தா ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆயிருக்காதும்மா!"

அந்த நாவலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மழையை எண்ணியும் பார்த்தேன். ஸ்டாரை மாற்றவில்லை, ஆனால் அவர் சொன்னதைக் கீழே சேர்த்தேன்.

போன வருடம் இரண்டாவது நாவலோடு வந்தார்.

"நீங்கதான் ஸ்டார் போடணும். ஒண்ணு போட்டாலும் சரி."

"படிக்கறேன் பாய். எழுத மாட்டேன்."

"ஏம்மா?"

"எங்க வீட்ல டீ குடிச்சவங்க புக்குக்கு நான் ஸ்டார் போடறதில்ல."

"யா அல்லா! அந்த டீ இம்மாம் வெலன்னு தெரிஞ்சிருந்தா, கேட்டுக்கு வெளியவே நின்னு சண்ட போட்டிருப்பேனே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு வந்த போதெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

படிக்காமல் இல்லை. இரண்டு தடவை படித்தேன். அட்டை போட்டும் பயனில்லை... ஒவ்வொரு வரியும் அவர் குரலில் கேட்டது. நன்றாக இருந்ததால் சிரித்தேனா, அவர் எதிரில் உட்கார்ந்து சொல்வது போல இருந்ததால் சிரித்தேனா? இன்று வரை தெரியவில்லை.

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வூட்டுக்கு வர அன்னிக்கு மட்டும் சட்டைய இஸ்திரி போட சொல்லுவாரும்மா. பரீட்சைக்குப் போறேம்பாரு."

பிறகு கேட்டார்.

"அந்த ரெண்டாவது புக்கு... நல்லா இருந்துச்சாம்மா? உங்ககிட்ட கேக்க பயந்துகிட்டே கெடந்தாரு."

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில், அந்த நேரத்தில், வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது?

"பதில எழுத்துல தரேம்மா" என்றேன். தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, குழுவிலிருந்து போன். "இப்பவாவது அஞ்சு ஸ்டார் போட்டுருங்க மேடம். குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்."

ஆறுதல் சொல்லத்தான் நேரில் போய் வந்தேன். ஸ்டார் புத்தகத்துக்கு. ஆள் போன பிறகு இரக்கப்பட்டுக் கொடுத்த ஐந்தை அந்த மனிதர் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அலுப்பாக இருக்கிறது. இந்த வயதில் நல்ல சண்டைக்கு இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

பாய், நிம்மதியாக இருங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று. ஜாபர் பாயை ஒரு முறைகூடச் சந்திக்காதவர், அவர் கடைப் பக்கம் போகாதவர், இதைப் படிப்பவர்களில் யாராவது இருப்பீர்கள். என்னிடம் அந்த இரண்டாவது நாவல் கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது. முகவரி கொடுத்தால் அனுப்புகிறேன்.

முழுதும் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா, ஏன் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை ஒரு சொல் மாற்றாமல் அவர் மனைவிக்குப் படித்துக் காட்டுவேன்.

போன் வேண்டாம். கைகூப்பும் படம் வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும்.