பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட செஞ்சு

பர்மாவில், துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங் பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு அக்காவும் அவள் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அவர்கள் தங்களுக்குள் பேசுவது தெலுங்குபோலத் தொடங்கும். காதைக் கொடுத்துக் கேட்டால் வேறெங்கோ போய்விடும். ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

“இது செஞ்சு, தங்கச்சி.”

“என்னத்த செஞ்சு?” என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். தெலுங்கு நாட்டு நல்லமலைக் காட்டில் தேன் எடுக்கிற ஜனங்களின் பேச்சாம். அவளுடைய அப்பா தெலுங்குக் கூலிகளோடு கப்பலேறி வந்தவர்.

எண்பத்தெட்டில், மாணவர் கிளர்ச்சியை அடக்க ராணுவம் இறங்கி, தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிய சமயம், தம்பிக்கு மலேரியா கண்டது. “கொஞ்ச நேரம் பாத்துக்க” என்று என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மாத்திரை தேடி அக்கா பபேடான் கடைத்தெருவுக்கு நடந்தாள். மதியம் தாண்டியும் திரும்பவில்லை. அவர் கண்ணை மூடியபடியே செஞ்சுவில் கத்தத் தொடங்கினார். வாயைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

ஓடி ஒளிந்த மாணவர்களைத் தேடி வந்த மூன்று சிப்பாய்கள். மூத்தவன் கட்டில்மேல் குனிந்தான்.

“பா ப்யோதலே?” என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டான். “இது எந்தப் பேச்சு? காட்டுக்குள்ளேருந்து வந்த கலகக்காரனா?”

ஆமென்றாலும் ஆபத்து, இல்லையென்றாலும் ஆபத்து. “தண்ணி கேக்கறாரு, போஜி” என்று, அதிகாரிகளைக் கூப்பிடுகிற மரியாதையோடு பர்மியில் சொன்னேன். கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும் தம்பி அதைத் தட்டிவிட்டார். தட்டிய கையாலேயே சிப்பாயின் துப்பாக்கி வாரைப் பிடித்து இழுத்தார். “பாவா! பாவா!”

மற்ற இருவரும் துப்பாக்கியை நீட்டினார்கள். எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். தெலுங்கிலும் பாவா என்றால் மச்சான்.

“உங்கள மச்சான்னு நெனச்சிட்டாரு, போஜி! ஜுரம்! சுட்டுராதீங்க!”

மூத்தவன் கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தான். பிறகு வாரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே விரல் நீட்டினான். “பர்மி பேசச் சொல்லு. இன்னொரு தரம் இது காதுல விழக்கூடாது.”

சாயங்காலம் அக்கா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“கயித்த விட்டுராத மச்சான்னு கத்தியிருப்பான். எங்கப்பா மலையில தேனெடுக்கத் தொங்குனா எங்க மாமாதான் மேல கயித்தப் புடிப்பாரு. கூடப்பொறந்தவ தாலிய நெனச்சாவது மச்சான் விட மாட்டான்னு, வேற யாரையும் நம்ப மாட்டாங்க. அந்தக் கதை அப்பா சொன்னது. இவன் மலையவே பாத்ததில்ல.”

தம்பி பிழைத்துக்கொண்டார். ஆனால் சிப்பாய் சொன்னதை அவர்களிடம் ஒரு எழுத்து விடாமல் சேர்த்தவள் நான். மறுநாளிலிருந்து பலகைக்கு அந்தப் பக்கம் பர்மிதான் கேட்டது, அதுவும் தணிந்த குரலில்.

பல வருஷம் கழித்து, ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேவுக்குக் குடிபோயிருந்த அவர்களைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, “செஞ்சுல ஏதாவது சொல்லுக்கா” என்றேன்.

அக்கா எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு, தணிந்த குரலில், சாப்பிட்டாயா என்று பர்மியில் கேட்டாள்.