பாவடியில் ஓட்டப் பரீட்சை

இராசிபுரம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சாரதாமணி டிரில் டீச்சராக வந்து சேர்ந்தபோது, அது என்ன வேலை என்றே ஊரில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. எழுதப் படிக்கச் சொல்லித் தரலாம், தையல் சொல்லித் தரலாம், பாட்டுகூடச் சொல்லித் தரலாம். பொம்பளைப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கையை நீட்டு, காலை மடக்கு என்று ஆட்டி வைக்க ஒரு டீச்சரா, அதற்கு ஜில்லா போர்டு சம்பளம் வேறா என்று கேட்டார்கள். சாரதாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில் "லெஃப்ட், ரைட்" சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வேலுசாமி சேலம் – நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர். பெண்டாட்டியின் குரல் கேட்டதுமே ஜனங்கள் ஒதுங்கிவிடுவதால் இராசிபுரத்துக்குள் ஹாரன் அடிக்கும் வேலை இல்லை என்று டிரைவரிடம் சொல்லிச் சிரிப்பான்.

அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். சேலத்தில் குகை என்கிற பேட்டையில் பிறந்தவள். அவளுக்கு ஒரு அக்காள் இருந்தாள், மாரக்காள் என்று. காலையில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள். பஞ்சுத் தூசியும் இருட்டறையும் சேர்ந்து, வயசுக்கு வந்த மறு வருஷமே இருமல் கண்டு படுத்துவிட்டாள். பார்க்க வந்த டாக்டர், "இந்தப் பொண்ணு ஒரு நாளாவது ஓடியாடி நல்லா மூச்சு வாங்கியிருக்கிறாளா?" என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. மாரக்காள் போய்ச் சேர்ந்த பிறகும் சாரதாமணிக்கு அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. அடம்பிடித்துப் படித்து, அதைவிட அடம்பிடித்து டிரில் பயிற்சிக்குப் போய் வந்ததெல்லாம் அதனால்தான்.

1937-ஆம் வருஷம் பங்குனி மாசத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகளுக்கு உடல் திறன் பரீட்சை நடக்கும். ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல் மூன்றிலும் பாதிப் பேராவது தேறாத பெண்கள் பள்ளியில் டிரில் வகுப்பை எடுத்துவிட்டுத் தையலைக் கூட்டிவிடுவார்கள். தையல் என்றால் மறுபடியும் உட்கார்ந்த இடம்தான். அன்றைக்கே சாரதாமணி பிள்ளைகள் ஓட இடம் தேடிக் கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்து முற்றமோ நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டும். நேராக ஓட ஊருக்குள் இருந்த ஒரே இடம் பாவடி. நெசவுத் தெருக்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் பொதுத் திடல் அது. விடிந்ததும், தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற பாவு நூலை அங்கே நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்டுவார்கள். பக்கத்தில் யாராவது ஓடித் தூசி கிளம்பினால் ஈரக் கஞ்சியில் ஒட்டிக்கொள்ளும். காயும் முன்னே சுருட்டினால் இழையோடு இழை ஒட்டும். அதனால் பாவடியில் யாரும் ஓடுவதில்லை. மழை வந்தால் மட்டும் பாவு நனையுது என்று ஒரு குரல் கேட்கும். தெருவே ஓடிவந்து, ஒட்டினால் ஒட்டட்டும் என்று சுருட்டித் தூக்கிக்கொண்டு போகும்.

பாவடியில் எதற்கும் அனுமதி தர வேண்டிய பெரியதனக்காரர் கைலாசம். சாரதாமணி அவர் வீட்டுக்குப் போய் நின்றாள். முதல் தரம் முடியாது என்றார். இரண்டாம் தரம் முகம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த தரம் அவர் பேத்தி கண்ணாத்தாளே, "தாத்தா, டீச்சர் வந்திருக்காங்க, வெயில்ல நிக்கிறாங்க" என்று உள்ளே போய்ச் சொன்னாள். அவளும் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைதான்.

"ஏம் அம்மிணி, பொட்டப் புள்ளைங்க ஓடி எந்த ஊருக்குப் போகோணும்?" என்றார் கைலாசம்.

"எந்த ஊருக்கும் போக வேண்டாமுங்க பெரியப்பா. நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாப் போதுமுங்க. எங்கக்கா வாங்காமயே செத்துப்போச்சுங்க."

கைலாசம் பாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "மத்தியானத்துக்கு மேல, பாவெல்லாம் சுருட்டினப்புறம் நடத்திக்க. ஒரு இழை கெட்டுதுன்னா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார்.

பரீட்சை நாளும் வந்தது. மத்தியானம் வர வேண்டிய இன்ஸ்பெக்டரம்மா காலையிலேயே வந்து இறங்கினாள். மாலைக்குள் நாமக்கல்லில் இன்னொரு பள்ளியைப் பார்க்க வேண்டுமாம். பரீட்சை நாளாயிற்றே என்று மற்றவர்கள் சீக்கிரமே பாவு சுருட்டிவிட்டிருந்தார்கள். பாவடியின் கடைசிக் கோடியில் கைலாசத்தின் பாவு மட்டும் கஞ்சி ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டத்தின் முடிவுக்கோட்டுக்கு அப்பால்தானே, தூசி அவ்வளவு தூரம் போகாது என்று சாரதாமணி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பந்து எறிதலில் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். தாண்டுதலும் பரவாயில்லை. ஓட்டம் என்று வந்தபோதுதான் குடி கெட்டது. "ஓடு" என்றதும் ஓடினார்கள்தான். ஆனால் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நுனிக்காலால், ஒரு பொட்டுத் தூசி கிளம்பாமல் ஓடினார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. பாவடியில் மெல்ல நட, மெல்ல நட என்று நடக்கப் பழகிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்த கால்கள் அவை. தறிக்காரர் வீட்டில் பிறந்த சாரதாமணி இதை யோசித்திருக்க வேண்டும். இடம் கிடைக்க வேண்டுமே என்று அலைந்தவள் பிள்ளைகளின் காலை மறந்துவிட்டாள்.

"ஏம்மா, இதுங்க ஓடுதுங்களா, பிரதட்சணம் பண்ணுதுங்களா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கடிகாரத்தைப் பைக்குள் போடப் போனாள்.

"இன்னும் ஒரே ஒரு தரம் பாருங்கம்மா. எல்லாரையும் ஒண்ணா ஓட விடறேன்."

சாரதாமணி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். கண்ணாத்தாள், "பாவு காயுது டீச்சர், எப்படி ஓடறது?" என்று மெதுவாகக் கேட்டாள். சாரதாமணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய தப்பு என்பதும் தெரியும். நெசவுத் தெருவில் யாரும், குடிகாரன்கூட, பொய்யாகச் சொல்லாத சொல் ஒன்று உண்டு. அதை அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"பாவு நனையுது, ஓடுங்கடி."

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளையாவது வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுமே. பாவாடையைத் தூக்கிச் செருகியது தெரியவில்லை, கோட்டைத் தாண்டியது தெரியவில்லை. புழுதி பறக்க ஓடிப்போய்க் கைலாசத்தின் பாவில் கை வைத்துவிட்டார்கள். அதற்குள் வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் ஓடிவந்தார்கள். கைலாசமும் சோற்றுக் கையோடு வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஈரம் காயாத பாவைப் புழுதியோடு சுருட்டி முடித்த பிறகுதான், மழை எங்கே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முடிவுக்கோட்டில் கடிகாரத்தை நிறுத்தியிருந்தாள். "முதல்லயே இப்படி ஓடறதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு, தேறினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். டிரில் வகுப்பு பிழைத்தது.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. சாரதாமணி எதையும் மறைக்கவில்லை. வேண்டுமென்றேதான் கத்தினேன், பிள்ளைகளுக்காகக் கத்தினேன் என்றாள்.

"புள்ளைங்களுக்காகச் சொன்னா பொய் மழை நெச மழை ஆயிருமா?" என்றார் கைலாசம். "நாளைக்கு நெசமாவே மழை வந்து ஒருத்தன் கத்துவான். வெளையாட்டுக்குக் கத்தறான்னு நாலு பேரு ஊட்டுலயே உக்காந்துட்டா அந்தப் பாவுக்கு யார் பொறுப்பு?"

ஒட்டிய இழைகளைச் சாரதாமணியே பிரித்துத் தர வேண்டும். இனிப் பாவடியில் அவள் கால் படக்கூடாது. கூட்டத்தில் முடிவானது அதுதான். அவள் தலையாட்டினாள்.

பள்ளி விட்டதும் கைலாசம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தாள். நாலு நாளில் முடிகிற வேலையா அது? நகக்கண் வெடித்தது. வேலுசாமி மருந்து தடவிவிட்டு, "டிரில் டீச்சரம்மாவையே உட்கார வச்சுட்டாங்களே" என்று கேலி செய்தான். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது கண்ணாத்தாளின் முகம். அந்தப் பிள்ளை அதே வீட்டில் குறுக்கும் நெடுக்கும் போகும், டீச்சரோடு பேசாது. ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, "நாங்க நெசம்னு நம்பித்தானுங்க டீச்சர் ஓடுனோம்" என்றது. சாரதாமணி பிரித்துக்கொண்டிருந்த இழையைக் கீழே வைத்தாள்.

"தப்புதான் கண்ணு. இனிமே உங்களை ஏமாத்தி ஓட வைக்க மாட்டேன். ஏமாத்தாமயே ஓடுவீங்க, நான் ஓட வைக்கிறேன்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். ஊருக்கு வெளியே ஏரி வற்றிக் கிடந்தது. விடியற்காலையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனாள். முதலில் ரெண்டு பேர்தான் வந்தார்கள். மற்ற வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திட்டினார்கள், மறுநாளும் தட்டினாள். ஏரி மண்ணில் பிள்ளைகள் குதிகால் பதிய மிதித்து ஓடப் பழகினார்கள். கைலாசம் வீட்டுக் கதவை மட்டும் அவள் தட்டவில்லை. ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் ஓட்டம் கரைமேல் நடந்தது. அங்கே ஒரு நாள் கண்ணாத்தாள் தானாகவே வந்து வரிசையில் நின்றாள்.

ஏரியில் தண்ணீர் நின்றதால் மறு வருஷப் பரீட்சைக்கும் பாவடியை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தடையில்லை, டீச்சருக்குத்தான் தடை என்று கைலாசம் சொல்லிவிட்டார். பாவடிக்கு முந்தின சந்தில், ஒரு வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் சாரதாமணி நின்றாள். அங்கிருந்து ஒன்றுமே தெரியாது. தையல் டீச்சர்தான் உள்ளே பிள்ளைகளை நிறுத்தி, "ஓடு" என்று சொன்னாள். அவளுக்குக் குரலே கிடையாது, கம்மிப்போன தொண்டை.

அந்தக் குரலுக்கே தடதடவென்று பாதங்கள் விழுகிற சத்தம் கேட்டது. நுனிக்கால் இல்லை, முழுக்கால். சாரதாமணி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று சத்தம் குறையவே இல்லை.

சற்று நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைலாசம் சந்துக்குள் வந்தார். மீசையெல்லாம் செம்மண்.

"நல்லா ஓட வெச்சே, போ. பாவடியக் குத்திக் கெளப்பிப் போட்டாளுங்க. நாளைக்கு எப்படிப் பாவு போடறது?"

"மண்ணு அடங்கத் தண்ணி தெளிச்சுத் தந்தர்றேனுங்க பெரியப்பா."

"நீ உள்ள வரக்கூடாது" என்றார் கைலாசம். "ஓடுனவளுங்களே தெளிக்கட்டும். இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறாளுங்க, அது அடங்கட்டும்."