பின் சீட்டுக்கு வந்த காற்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளிமலையில் ஒரு டீக்கடை வாசலில், வளர்ந்த ஆண்கள் மூன்று பேர் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது டீ என்னுடையது.

மூவரில் ஒருவர் என் கணவர் சேகர். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு — கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு வந்தால் கடைக்குப் பூட்டு, கையில் பைக் சாவி. மற்ற இருவரும் அவருடைய கூட்டாளிகள்... உரக்கடை பாஸ்கர், பள்ளி ஆசிரியர் அன்பு. மூன்று பேரிடமும் டூரிங் பைக். கல்வராயன் மலை ஏறுவார்கள், டீ குடிப்பார்கள், இறங்குவார்கள். சேகரின் பின் சீட்டில் நான்.

பிளாஸ்டிக் துண்டு என்று நான் சொன்னது ஃபேரிங்கை. காற்று நெஞ்சில் அறையாமல் இருக்க பைக்கின் முன்னால் மாட்டுகிற கவசம், அதன் உச்சியில் ஒரு கண்ணாடி. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஹேண்டிலோடு சேர்த்து மாட்டுவது ஒன்று. ஹேண்டில் திரும்பினால் அதுவும் திரும்பும். சேசிஸோடு, அதாவது வண்டியின் உடற்சட்டத்தோடு, சேர்த்து மாட்டுவது இன்னொன்று. ஹேண்டில் எந்தப் பக்கம் போனாலும் அது நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்பு ஹேண்டில் கட்சி. மலை வளைவில் லைட்டும் கூடவே திரும்புகிறதே, அது போதாதா என்பார். பாஸ்கர் சேசிஸ் கட்சி. நாலு வழிச் சாலையில் லாரி கடக்கும்போது அடிக்கிற காற்று ஹேண்டிலை ஆட்டாது என்பார். உன் வண்டியில் என்ஜின் சூடு முட்டியில் இட்லி வேகவைக்கிறது என்று அன்பு சொல்ல, உன் வண்டி காற்றடித்தால் குடித்தவன் மாதிரி போகிறது என்று பாஸ்கர் சொல்ல... டீ ஆறிவிட்டது.

சேகர்? காற்றைத் தடுக்க ஹேண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டி, அன்பு கட்சியில்தான் இருந்தார். இப்போது பாஸ்கர் பக்கம் தாவத் தயாராகிவிட்டார். கட்சி தாவுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? முந்தின வாரம் பாஸ்கர் வண்டியை இரவல் வாங்கி, ஹெல்மெட்டில் ஒரு ரிப்பனைக் கட்டிக்கொண்டு நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே வந்த அன்பு, ரிப்பன் அசையவே இல்லை என்று சாட்சி சொன்னார். அத்தோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"நாளைக்கே மாட்டிடலாம்னு இருக்கேன். அப்படியே பின் சீட்ல பெரிய பொட்டி ஒண்ணு. ராமேஸ்வரம் போறதுக்கு வசதியா இருக்கும்" என்றார் சேகர்.

"அப்ப அண்ணி?" என்று கேட்டார் அன்பு.

"அவ பஸ்ல வந்துடுவா. லாங் ரைடு அவளுக்கு ஒத்துக்கல. போன வாட்டி சேலம் போய்ட்டு வந்து தலவலின்னு படுத்துக்கினா."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கையில் டீ கிளாஸ் வேறு. ராமேஸ்வரம் போகலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். மகனை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, நாம் இரண்டு பேரும் வண்டியிலேயே கடல் வரைக்கும் போக வேண்டும் என்று அவரை நச்சரித்ததும் நான்தான். இப்போது என் இடத்தில் ஒரு பெட்டி உட்காரப் போகிறது. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

இந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கண்ணாடி இல்லாத வெறும் வண்டியாக இருந்தபோது, இதே சீட்டில் திருக்கோவிலூர் போயிருக்கிறேன், சிதம்பரம் போயிருக்கிறேன். போகிற வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனவள் நான். அந்தச் சின்னக் கண்ணாடி வந்த பிறகுதான் காது இரைச்சல், கழுத்து வலி எல்லாம். சொன்னேன். ஹெல்மெட் சைஸ் சரியில்லை என்று புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். வலி புது ஹெல்மெட்டுக்குள்ளும் வந்தது.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பாஸ்கர், கீழ போனதும் உங்க வண்டிய நீங்க ஓட்டுங்க. இவரு உங்க பின்னாடி உக்காரட்டும். தியாகதுருகம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றேன்.

சேகர் சிரித்தார். "பின்னாடி இன்னா இருக்குது? சும்மா உக்காந்துக்கினு வர்றதுதான?"

"அப்ப சும்மா உக்காந்துக்கினு வாங்க."

மலை இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சி வந்ததும் எங்கள் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினோம். பாஸ்கர் பின்னால் சேகர், அன்பு பின்னால் நான். நாலு வழிச் சாலையில் ஏறி, மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்றைத் தாண்டியதும் பாஸ்கர் வேகம் எடுத்தார்.

முதலில் சேகரின் தலை லேசாக ஆடியது. அப்புறம் சாமி வந்தவர் தலை மாதிரி ஆடியது. குனிந்து பாஸ்கர் முதுகில் ஒளியப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். கடைசியில் ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டார். முன்னால் இருந்த பாஸ்கரோ, வீட்டு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பவரைப் போல நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். அன்பு வண்டியில் என் தலையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது; ஆனாலும் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன் — கொஞ்ச தூரம்தான். அப்புறம் பாவமாகிவிட்டது.

தியாகதுருகத்தில், மலைக்கோட்டை தெரிகிற இடத்தில், வண்டிகள் நின்றன. சேகர் இறங்கி இரண்டு காதையும் அமுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சேலத்துக்கும் இப்படியேதான் வந்தியா?"

"கண்ணாடி மாட்டுனதுலேருந்து இப்படித்தாங்க."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேங்க. ஹெல்மெட் வாங்கிக் குடுத்தீங்க."

அன்புதான் தரையில் குச்சியால் படம் போட்டு விளக்கினார். கண்ணாடி காற்றைத் தூக்கி, ஓட்டுபவர் தலைக்கு மேலே அனுப்புகிறதாம். பின் சீட்டோ ஓர் அடுக்கு உயரம். அனுப்பிய காற்று அங்கே இருப்பவர் முகத்துக்கு நேராக வந்து சேர்கிறது. இவ்வளவு தெரிந்த இவர்கள் ஏன் இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை? மூன்று பேரும் டெஸ்ட் செய்தபோதெல்லாம் தனியாகத்தான் ஓட்டினார்கள். பின் சீட்டில் ஆளே இல்லை!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நம்மேல் படாத காற்று எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது எங்கேயும் போவதில்லை. நமக்குப் பின்னால் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். வீடு, ஆபீஸ், எங்கே பார்த்தாலும் இதே கதைதானே?

திங்கட்கிழமை காலை, பள்ளி திறப்பதற்கு முன்பே, பைக் ஒர்க்‌ஷாப்பில் மறுபடி மாநாடு. கூப்பிடாமலே பாஸ்கரும் அன்பும் வந்துவிட்டார்கள். சண்டை இப்போது என்னைப் பற்றி. அண்ணிக்கு உயரமான கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். அண்ணி சீட்டைத் தாழ்த்தலாம் என்கிறார் இன்னொருவர். அண்ணி அங்கேயேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

சேகருக்குத் தோன்றியது. "நீ இன்னா சொல்ற?" என்றார்.

இருக்கிற சின்னக் கண்ணாடியையும் கழட்டிவிடச் சொன்னேன். கழட்டினார்கள். புது ஃபேரிங் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்று சேகரே ஒர்க்‌ஷாப்காரரிடம் சொன்னார். பாஸ்கர் முகத்தில் தேர்தலில் டெபாசிட் போன களை.

அன்று சாயங்காலமே சங்கராபுரம் ரோட்டில் ஒரு ரவுண்டு. காற்று முழுவதையும் அவர் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். என் ஹெல்மெட் ஆடவில்லை, காது இரையவில்லை. ராமேஸ்வரம் வரைக்கும் என்ன, அதற்கு அப்பால் ரோடு இருந்தாலும் போவேன் என்று இருந்தது.

சேகர்தான் நிம்மதியாக ஓட்டவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி, காத்து அடிக்குதா, காத்து அடிக்குதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே கரும்பு டிராக்டர் வருகிறது, மனிதர் என் முகத்தைப் பார்க்கிறார்!

முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். "முன்னாடி பாத்து ஓட்டுங்க. பின்னாடிதான் நான் இருக்கேன்ல?"